உயிரைத் திரும்பத் தருகிறவன்

தியானப் பகுதி: ரூத் 4:13-17



ரூத்தின் புத்தகத்தைப் பற்றிப் பிரசங்கிக்கும்போது நாம் பெரும்பாலும் இளம்பெண்ணாகிய ரூத்தையே முன்னிறுத்துகிறோம். அவளுடைய உறுதி, போவாஸின் வயல், களத்துமேடு, திருமணம் என்று செய்தி நகரும். ஆனால் அந்தப் புத்தகத்தின் கடைசிக் காட்சியைச் சற்றுக் கவனியுங்கள். அங்கே நடுவில் இருப்பவள் ரூத் அல்லள், போவாசும் அல்லன். ஒரு முதியவளும் அவள் மடியில் கிடக்கும் ஒரு பேரக்குழந்தையுமே இருக்கிறார்கள். பெத்லகேமின் பெண்கள் அவளைச் சூழ்ந்துநின்று கர்த்தரை ஸ்தோத்திரிக்கிறார்கள். இந்தக் குழந்தை உன் உயிரைத் திரும்பத் தருவான், உன் முதிர்வயதில் உன்னை ஆதரிப்பான் என்ற பொருளில் வாழ்த்துகிறார்கள்.

எபிரெய மூலத்தில் இங்கே ஒரு நுட்பம் உண்டு. முதலாம் அதிகாரத்தில் மோவாபிலிருந்து வந்து சேர்ந்த நகோமி, நிறைவாய்ப் போன என்னைக் கர்த்தர் வெறுமையாய்த் திரும்பப்பண்ணினார் என்று ஊராரிடம் முறையிடுகிறாள். இனிமை என்னும் பொருளுள்ள தன் பெயரை மாற்றி, கசப்பு என்னும் பொருள்பட 'மாராள்' என்று அழைக்கச் சொல்லுகிறாள். அவள் அங்கே பயன்படுத்தும் 'திரும்பப்பண்ணுதல்' என்னும் வினையையே நான்காம் அதிகாரத்தில் பெத்லகேமின் பெண்கள் பயன்படுத்துகிறார்கள். வெறுமையாய்த் திரும்பியவளுக்கு உயிர் திரும்புகிறது. இருபத்துமூன்றாம் சங்கீதத்தில் மேய்ப்பர் ஆத்துமாவைத் தேற்றுகிறார் என்று நாம் வாசிக்கும் இடத்திலும் அதே வேர்ச்சொல்தான் நிற்கிறது.

தாத்தா, பாட்டி, பேரப்பிள்ளை ஆகியோரிடையே உள்ள உறவை வேதம் சிறிதாக எண்ணவில்லை. கண் மங்கிப்போன யாக்கோபு, யோசேப்பின் இரு குமாரரையும் அணைத்து முத்தமிட்டு ஆசீர்வதித்தான். தீமோத்தேயுவின் விசுவாசத்தைப் பற்றி எழுதும் பவுல், அது முதலில் அவனுடைய பாட்டி லோவிசாளிடம் இருந்தது என்கிறார். 'பாட்டி' என்னும் பொருளுள்ள கிரேக்கச் சொல் புதிய ஏற்பாடு முழுவதிலும் அந்த ஓரிடத்தில்தான் வருகிறது. விதவையைப் பராமரிக்கும் கடமையைப் பற்றி 1 தீமோத்தேயு 5:4-இல் எழுதும்போது பிள்ளைகளோடு பேரன் பேத்திகளையும் பவுல் சேர்த்துச் சொல்லுகிறார். நம் நாட்டில் 2007-இல் இயற்றப்பட்ட பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டமும் 'பிள்ளைகள்' என்னும் சொல்லுக்குள் பேரன் பேத்திகளையும் அடக்கியிருக்கிறது.

இந்தப் பகுதியைத் தியானித்த வேளையில், காரைக்குடிக்கு அருகிலுள்ள எங்கள் அமராவதிபுதூரில் நான் கண்ட ஒரு பாட்டியும் பேரனும் என் நினைவுக்கு வந்தார்கள். அந்த அம்மையார் கர்த்தருக்குள் நித்திரையடைந்துவிட்டார். பேரனுடைய இசைவோடு, பெயர்களைத் தவிர்த்து எழுதுகிறேன்.

அந்தத் தம்பிக்கு அப்போது வயது இருபத்தாறு. சென்னையில் வேலை பார்த்துக்கொண்டே சிறுகதைகள் எழுதி வந்தார். சில கதைகள் அச்சிலும் வந்திருந்தன. கவியரசு கண்ணதாசன் சிறுவனாக இருந்தபோது படித்த ஊர் அமராவதிபுதூர். பிள்ளைப்பருவத்திலேயே வேறொரு குடும்பத்துக்குச் சுவீகாரமாகக் கொடுக்கப்பட்டு, நாராயணன் என்னும் பெயரில் வளர்ந்த அவர், எட்டாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டவர். தம் வாழ்வின் கடைசி ஆண்டுகளில் 'இயேசு காவியம்' பாடியவரும் அவரே. இதையெல்லாம் கேட்டு வளர்ந்த பிள்ளைகளில் ஒருசிலருக்காவது எழுத்தாசை வருவது இயல்பு.

2022-ஆம் ஆண்டில், நிச்சயதார்த்தம் முடிந்த மூன்றாம் வாரத்தில், அவருக்கென்று உறுதி செய்யப்பட்டிருந்த பெண் இந்தத் திருமணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். யாரையும் குற்றப்படுத்த அதில் ஒன்றும் இல்லை. ஒரு பெண் தன் மனத்தை அறிந்து உரிய காலத்தில் சொன்னார். ஆனால் நியாயமான காரணம் இருப்பதால் வலி குறைந்துவிடுமா? அவர் எழுதுவதை நிறுத்தினார், உண்பதைக் குறைத்தார். அந்நாட்களில்தான் அவருடைய அப்பத்தாவுக்குப் பக்கவாதம் வந்து, வலக்கையும் வலக்காலும் விழுந்துபோயின, பேச்சும் குழறியது. தகப்பனார் வளைகுடா நாட்டில். தாயார் பகலெல்லாம் வேலையில். மதுரையில் ஏதாவதொரு முதியோர் இல்லத்தில் சேர்க்கலாம் என்று குடும்பத்தில் பேச்சு நடந்துகொண்டிருந்தபோது, ஒரு வாரத் துணிமணியோடு வந்த தம்பி, "நான் இருக்கேன்" என்றார்.

பின்னர் அவர் என்னிடம் சொன்னார்: "அன்பினால சொன்னேன்னு நினைக்காதீங்க ஐயா. எனக்குப் போறதுக்கு வேற எடம் இல்ல."

அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது. ரூத்தைப்போல் நிறைந்த தீர்மானத்தோடு வருகிறவர்கள் சிலரே. போக்கிடமின்றி வந்து நிற்பவர்களையும் கர்த்தர் பயன்படுத்துகிறார். இருந்தாலும் எனக்கு ஓர் அச்சம் இருந்தது. உடைந்த மனம் பிறருக்குச் செய்யும் பணியைத் தன் மறைவிடமாக்கிக்கொள்ளக்கூடும். அப்படி மறைகிறவர் தம்மையும் ஆற்றிக்கொள்ள முடியாது. நோயாளியையும் நெடுநாள் தாங்க முடியாது. ஆகவே வாரம் இருமுறையாவது அந்த வீட்டுக்குச் சென்று வந்தேன்.

பராமரிப்பு என்பது மேடையில் பேசும்போது இனிமையாக இருக்கும். வீட்டில் அது மணிக்கணக்கு. படுக்கைப்புண் வராதிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். பக்கவாதம் வந்தவர்களுக்குத் தண்ணீர்போல் ஓடும் உணவு எளிதில் புரையேறும். எனவே கஞ்சியைக் கெட்டியாக்கி, நிமிர்த்தி உட்காரவைத்து, ஒவ்வொரு கரண்டியும் இறங்கியதா என்று பார்த்து ஊட்ட வேண்டும். ஊட்டி முடித்ததும் உடனே படுக்கவைக்கக் கூடாது. இவையெல்லாம் அவருக்கு மருத்துவமனையில் சொல்லித்தரப்பட்டன. 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் தன்னார்வலர் ஒருவர் இரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்தார். குளிப்பாட்டுவதும் உடைமாற்றுவதும் பேரன் செய்ய அம்மையார் சம்மதிக்கவில்லை. பேச்சு குழறிய அந்நாட்களிலும் அந்த மறுப்பை மட்டும் அவர் தெளிவாகச் சொல்லிவிட்டார். அடுத்த தெருப் பெண் ஒருவரைக் கூலி பேசி அமர்த்தினார்கள். முதியோருக்கு உடல் தளர்ந்தாலும் மானம் தளர்வதில்லை. அதைக் காப்பதும் பராமரிப்பின் பகுதியே.

இரண்டாம் மாதத்தில் பேச்சு சற்றுத் திரும்பியது. ஆனால் விடியற்காலையில் அவர் பேசியது பேரனுக்கு விளங்கவில்லை. "பெரட்டுக்கு நேரமாச்சு" என்று எழுந்திருக்க முயல்வார். "கோச்சி வந்துருச்சா?" என்று கேட்பார். "லயத்துல எல்லாரும் எந்திரிச்சாச்சு" என்பார். வீட்டில் இருந்தவர்கள் மூளை குழம்பிவிட்டது என்று எண்ணினார்கள். எழுத்தாளருக்குச் சொல்லின்மேல் ஆசை விடாது அல்லவா! தம்பி ஒரு நோட்டுப் புத்தகத்தில் அந்தச் சொற்களையெல்லாம் தேதியிட்டு எழுதிவைத்து, என்னிடம் காட்டிப் பொருள் கேட்டார்.

அந்தச் சொற்களைக் கண்டவுடன் எனக்கு விளங்கியது. அவை இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களின் தமிழ். காலையில் தொழிலாளரை நிறுத்திப் பேர் சொல்லி வேலை பிரித்துக்கொடுக்கும் இடம் பெரட்டுக்களம். வரிசை வீடுகள் லயம். இரயில் வண்டி கோச்சி. நம் பகுதியில் முன்னோர் 'கண்டிச்சீமை' என்று அழைத்த நாட்டில் அப்பத்தா பிறந்தார் என்பது குடும்பத்தில் தெரிந்த செய்திதான். ஆனால் அதற்கு மேல் யாரும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

பேரன் கேட்கத் தொடங்கினார். அம்மையார் பிறந்தது 1948. அதே ஆண்டில் இயற்றப்பட்ட இலங்கைக் குடியுரிமைச் சட்டம், தோட்டங்களில் உழைத்த இந்திய வம்சாவளித் தமிழரில் மிகப் பெரும்பாலோரை எந்த நாட்டுக்கும் உரியவரல்லாதவர் ஆக்கியது. 1964 அக்டோபர் 30 அன்று சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி, 5,25,000 பேரை இந்தியா ஏற்கும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தரும் என்று முடிவாயிற்று. எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரை 1974-இல் இரு நாடுகளும் பாதிப்பாதியாகப் பங்கிட்டுக்கொண்டன. அண்ணன் அங்கே, தங்கை இங்கே என்று குடும்பங்கள் பிரிந்தன. மலைநாட்டிலிருந்து மக்களைத் தலைமன்னாருக்கு ஏற்றிச் சென்ற வண்டியை 'அழுகைக் கோச்சி' என்றே அழைத்தார்கள். அங்கிருந்து கப்பலில் இராமேசுவரம். பிறகு மண்டபம் முகாம்.

அந்த வண்டியில் ஏறியபோது நம் அம்மையாருக்கு வயது இருபத்திரண்டு. அவருக்கும் ஒருவருடன் உறுதி செய்யப்பட்டிருந்தது. ஒரே தோட்டம், ஒரே கோவில். 1854-இல் தொடங்கிய தமிழ்க் கூலி மிஷனின் வழியாக மலைநாட்டில் வேரூன்றிய சபைகளில் அவர்களுடையதும் ஒன்று. இவருடைய தகப்பனார் இந்தியாவுக்கு மனுப் போட்டார். அந்த வீட்டார் இலங்கைக்கு மனுப் போட்டார்கள். இரண்டு மனுக்களும் ஏற்கப்பட்டன. கடைசியாக அவரைக் கண்டது இரயில் நிலையத்தில்.

பல நாள்களாகச் சிறிது சிறிதாக இதைச் சொல்லிமுடித்த அப்பத்தா, "யாரும் என்னைய ஏமாத்தல ராசா. ரெண்டு கவர்மெண்டும் கணக்குப் போட்டுச்சு, அவ்வளவுதான்" என்றாராம்.

"நீ அவர மறந்துட்டியா அப்பத்தா?"

"மறக்கல. காலையில கஞ்சி வைக்கணும்ல, வச்சேன்."

அடுத்த ஆண்டில் அவருக்குத் திருமணம் ஆயிற்று. கணவரோடு முப்பத்தைந்து ஆண்டுகள் நல்லபடி வாழ்ந்தார். மூன்று பிள்ளைகளை வளர்த்தார். பேரன் அழுதபோது, இடக்கையால் அவன் தலையைத் தடவிக்கொடுத்தாராம். தன் துக்கத்தை அதுவரை யாரிடமும் சொல்லியிராத அந்தத் தம்பி, அன்று இரவுதான் தன் கதையை அவரிடம் சொன்னார். அந்த வீட்டில் அதற்கு முன்பும் ஒரு பாட்டியும் பேரனும் இருந்தார்கள். அன்றிலிருந்து ஒருவரையொருவர் அறிந்த இரண்டு மனிதர்கள் இருந்தார்கள்.

எழுத்தாளருக்குக் கதையின் முடிவு தேவைப்பட்டது. அந்த மனிதர் இன்னும் இருக்கிறாரா என்று கண்டுபிடிக்கலாம், தோட்டத்தின் பெயரைச் சொல், சபைகளின் வழியாக விசாரிக்கிறேன் என்று கேட்டார். அம்மையார் மறுத்துவிட்டார். "அவரு பேரப்பிள்ளைகளோட நல்லா இருப்பாரு. தேடாத, விடு." கடைசி வரையில் அந்தத் தோட்டத்தின் பெயரை அவர் சொல்லவில்லை.

அன்பானவர்களே, இந்த இடத்தில்தான் தேவன் அந்தத் தம்பியிடம் வேலை செய்ததை நான் கண்டேன். தன்னை விட்டுப் போன பெண்ணின் படங்களைக் கைப்பேசியில் நாள்தோறும் தேடிப் பார்க்கும் பழக்கம் அவருக்கு இருந்தது. ஒருநாள் ஆராதனை முடிந்தபின் வாசலில் நின்று என்னிடம் சொன்னார்: "அப்பத்தா தேடல ஐயா. நானும் தேடறதை நிறுத்திட்டேன்." நான் சொல்லியிருந்தால் அது புத்திமதியாய்ப் போயிருக்கும். ஐம்பது ஆண்டுகள் ஒரு பிரிவைச் சுமந்தவர் சொன்னதால் அது அவருக்குள் இறங்கியது.

துக்கத்தில் இருப்பவர்களிடம் நாம் சொல்லும் இரண்டு ஆறுதல்களைப் பற்றி இங்கே பேச வேண்டும். முதலாவது, "இதற்காகத்தான் கர்த்தர் அதை முறித்தார்" என்பது. பேரன் பாட்டியைக் கவனிக்க வேண்டும் என்பதற்காகத் தேவன் ஒரு நிச்சயதார்த்தத்தை முறித்தார் என்று சபையில் ஒருவர் அவரிடம் சொன்னார். நல்லெண்ணத்தோடு சொல்லப்பட்ட இந்த வார்த்தையை என்னால் ஏற்க இயலவில்லை. அப்படியானால் பாட்டிக்குப் பக்கவாதம் வந்தது எதற்காக? மலைநாட்டு மக்களைப் பங்கிட்ட அந்த ஒப்பந்தம் எதற்காக? நகோமியின் கணவனையும் குமாரரையும் சாகப்பண்ணியது ஓபேத் பிறப்பதற்காகவே என்று வேதம் எங்கும் சொல்லவில்லை. மரித்தவர்கள் மரித்தவர்களாகவே இருக்கிறார்கள். நகோமியின் முறையீட்டையும் யாரும் அழித்துவிடவில்லை, அது வேதவாக்கியமாகவே நிற்கிறது. தேவன் உடைந்தவற்றுக்கு அருகில் வருகிறார். எஞ்சியிருப்பதைக் கையில் எடுக்கிறார். நொறுங்குண்ட இருதயமுள்ளவர்களுக்கு அவர் சமீபமாயிருக்கிறார் என்று முப்பத்துநான்காம் சங்கீதம் அறிக்கையிடுவது அந்த அருகாமையையே.

இரண்டாவது, "காலம் எல்லாவற்றையும் ஆற்றிவிடும்" என்பது. அம்மையாருக்கு ஐம்பது ஆண்டுகள் கடந்தும் பெரட்டுக்களமும் கோச்சியும் அவருக்குள் அப்படியே இருந்தன. காலம் அவற்றை ஆற்றவில்லை, மூடிவைத்திருந்தது. ஒருவர் உட்கார்ந்து பொறுமையாகக் கேட்டபோதுதான் அவருக்கு ஆறுதல் வந்தது. கேட்டவருக்கும் அது வந்தது.

சூரைச்செடியின் கீழ்ப் படுத்துச் சாவைக் கேட்ட எலியாவுக்கு முதலில் எந்த விளக்கமும் கொடுக்கப்படவில்லை. தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும் கொடுக்கப்பட்டன, உறங்க விடப்பட்டான், மறுபடியும் எழுப்பப்பட்டு உணவு கொடுக்கப்பட்டது. மெல்லிய சத்தம் பிறகுதான். கஞ்சி வைப்பதும் ஊட்டுவதும் ஆவிக்குரிய ஊழியத்துக்குக் கீழ்ப்பட்ட வேலை என்று எண்ணுகிறவர்கள் 1 இராஜாக்கள் 19-ஆம் அதிகாரத்தை மறுபடியும் வாசிக்கட்டும்.

உலகின் பெரிய எழுத்தாளர் ஒருவரும் இப்படி ஒரு படுக்கையின் அருகிலிருந்தே எழுந்தார். 1968-இல் இலக்கியத்துக்கான நோபல் பரிசு பெற்ற ஜப்பானியர் யசுனாரி கவாபாட்டா 1899-இல் பிறந்தவர். மூன்று வயதாவதற்குள் தாய் தந்தை இருவரையும் இழந்தார். பிறகு பாட்டியும் ஒரே சகோதரியும் மரித்தார்கள். எஞ்சியது பார்வையிழந்த தாத்தா மட்டுமே. 1914-இல், ஏறத்தாழ பதினைந்து வயதில், படுக்கையில் கிடந்த அந்தத் தாத்தாவைப் பராமரித்தபடி, அவர் பேசியதையும் முனகியதையும், சிறுநீர் கழிக்கத் தான் உதவியதையும்கூட மறைக்காமல் நாட்குறிப்பாக எழுதினார். அந்த மே மாதத்திலேயே தாத்தா இறந்துபோனார். குறிப்புகள் 1925-இல் அச்சேறின. இதை நான் தம்பியிடம் சொன்னபோது அவர் நெடுநேரம் பேசவில்லை. அவருடைய நோட்டுப் புத்தகமும் அப்படித்தான் நிரம்பிக்கொண்டிருந்தது. எத்தனை மணிக்குப் புரட்டிப் படுக்கவைத்தது, எவ்வளவு கஞ்சி இறங்கியது, அதன் பக்கத்திலேயே அப்பத்தாவின் சொல் ஒன்று.

இதற்கிடையில் சபைக்கும் ஒரு பங்கு இருந்தது. பெண்கள் ஐக்கிய சங்கத்தைச் சேர்ந்த சிலர் முறைவைத்து, வாரத்தில் இரண்டு பிற்பகல்கள் அந்த வீட்டில் வந்து அமர்ந்தார்கள். தம்பி அந்த நேரத்தில் உறங்கினார். சில நாள்கள் எழுதினார். சில நாள்கள் காரைக்குடிக்குச் சென்று நண்பர்களோடு தேநீர் அருந்தி வந்தார். நோயாளிக்காக ஜெபிக்கிறோம், நோயாளியைச் சுமக்கிறவர் எப்போது உறங்கினார் என்று கேட்கிறோமா? பல வீடுகளில் அந்தச் சுமை ஒரு மருமகளின் தலையிலோ, திருமணம் ஆகாத ஒரு மகளின் தலையிலோ கேள்வியின்றி வைக்கப்படுகிறது. மனமுடைந்து வீடு திரும்பியவர் சும்மாதானே இருக்கிறார் என்று அவர்மேல் எல்லாவற்றையும் ஏற்றிவிடுவது அன்பாகாது. ஒருவர் பாரத்தை ஒருவர் சுமக்கும்படியான கட்டளை கலாத்தியா சபைக்குப் பன்மையில் கொடுக்கப்பட்டது.

அம்மையார் 2023-இன் பிற்பகுதியில், ஒரு விடியற்காலையில், பேரன் அருகிலிருக்க அமைதியாக உயிர்விட்டார். அடக்க ஆராதனையில் தம்பி சில வார்த்தைகள் பேசினார். கப்பலையும் ஒப்பந்தத்தையும் சொன்னார். அந்த மனிதரைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. சில மாதங்களுக்குப் பிறகு சென்னைக்கு வேலைக்குத் திரும்பினார். துக்கம் முற்றிலும் தீர்ந்துவிட்டதா என்று நான் கேட்கவில்லை. தீர்ந்துவிட்டது என்று அவரும் சொல்லவில்லை. மறுபடியும் எழுதுகிறார் என்பதை மட்டும் அறிவேன்.

இந்த வாரத்தில் ஒன்று செய்யுங்கள். உங்கள் வீட்டில் அல்லது உங்கள் தெருவில் உள்ள ஒரு முதியவரிடம் அரை மணி நேரம் அமர்ந்து, அவர் பிறந்த ஊரைப் பற்றிக் கேளுங்கள். கைப்பேசியை வேறு அறையில் வைத்துவிடுங்கள். அவர் விளங்காத சொல் ஒன்றைச் சொன்னால் விட்டுவிடாமல் அதன் பொருளைக் கேளுங்கள். நீங்கள் மனமுடைந்திருந்தால், ஒருவேளை அதே பாதையில் உங்களுக்கு முன்னே நடந்த ஒருவர் உங்கள் வீட்டுக் கட்டிலிலேயே படுத்திருக்கலாம்.

ஜெபிப்போம்: நரைவயது வரைக்கும் எங்களைத் தாங்குகிற ஆண்டவரே, வெறுமையாய்த் திரும்பியவர்களை நீர் அறிவீர். படுக்கையில் இருக்கும் முதியோரையும், அவர்கள் அருகே விழித்திருக்கிறவர்களையும், இழந்ததை வெளியே சொல்ல முடியாதவர்களையும் நினைத்தருளும். கேட்கும் செவியையும் ஊட்டும் கையையும் எங்களுக்குத் தாரும். எங்கள் உயிரைத் திரும்பத் தாரும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் வேண்டுகிறோம், பிதாவே. ஆமென்.